தீ விபத்துத் திட்டத்தையே வெடிகுண்டு மிரட்டலுக்கும் வைத்துக்கொள்ளலாமா?

அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆறு மாடி அலுவலகம், எல்லோரும் கூடுமிடம் கீழே கார் பார்க்கிங் என்று எழுதியிருக்கிறீர்கள். தீக்கு அது சரியாக இருக்கலாம். வெடிகுண்டு விஷயத்தில் நிறுத்தியிருக்கும் வண்டியே ஆபத்தாகலாம்; கண்ணாடிச் சுவர் உடைந்தால் சில்லுகள் வெகுதூரம் பறக்கும். பிரிட்டன் காவல்துறை வழிகாட்டுதல் கூடுமிடத்துக்குக் குறைந்தது 500 மீட்டர் தூரம் சொல்கிறது. இரண்டு திசைகளில் இரண்டு இடங்களைப் பார்த்து வையுங்கள். வெளியேறும் வழியிலேயே சந்தேகப் பொருள் இருந்தால் மாற்று வேண்டுமே.

இன்னொரு வித்தியாசம், பை. தீ என்றால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடச் சொல்வோம். இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சொந்தப் பையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். அப்போதுதான் தேடுபவர்களுக்கு யாருடையது என்று தெரியாத பை மட்டும் மிஞ்சும். புதிதாக எதையாவது பார்த்தால் தொடாமல், அதன் அருகில் செல்போனும் வாக்கி டாக்கியும் பயன்படுத்தாமல், விலகி வந்து சொல்ல வேண்டும்.

வரவேற்பறையில் இருப்பவருக்குத் தனியாகப் பயிற்சி கொடுங்கள், அழைப்பு முதலில் அவருக்குத்தான் வரும். அவர் பேச்சை நீட்டித்து, எங்கே, எப்போது, எப்படி இருக்கும் என்று கேட்டு, சொன்னதை அப்படியே எழுத வேண்டும். பக்கத்தில் இருப்பவர் 112ஐ அழைக்கட்டும். மின்னஞ்சல் என்றால் அழிக்கக் கூடாது. 2024 பிப்ரவரியில் சென்னைப் பள்ளிகளுக்கு வந்த மிரட்டல் மின்னஞ்சல்கள் புரளிதான். ஆனாலும் அதைச் சோதித்துச் சொல்ல வேண்டியது போலீஸ், உங்கள் மேலாளர் அல்ல. உள்ளே திரும்புவதும் அவர்கள் சொன்ன பிறகுதான்.

அப்புறம், படியிறங்க முடியாதவர்களுக்குத் துணை யார் என்று மாடிவாரியாக இப்போதே பெயர் எழுதிவிடுங்கள்.