பாரம் ஏற்றினால் திணறும் புது எஞ்சின்: டீலர் கைவிரித்தால் என்ன வழி?

கேள்வி: பாம்பன் பக்கம் நாட்டுப்படகு மீனவன் நான். ஐந்து மாதத்துக்கு முன் ஒரு யார்டில் ஃபைபர் படகு கட்டி, டீலர் ஒருவரிடம் 40 எச்.பி. அவுட்போர்டு எஞ்சின் வாங்கினேன். இரண்டுக்கும் சேர்த்து 8 லட்சம். வெறும் படகு பறக்கிறது. வலை, ஐஸ், மூன்று ஆள் ஏறினால் எஞ்சின் திணறுகிறது. டீலர் அனுப்பிய மெக்கானிக் கரையில் தண்ணீர் டிரம்மில் ஓட்டிப் பார்த்துவிட்டு “நல்லாத்தான் ஓடுது” என்று போய்விட்டார். யார்டைக் கேள் என்கிறார் டீலர், டீலரைக் கேள் என்கிறது யார்டு. தொழிலுக்கு ஓட்டுவதால் வாரன்டி செல்லாது, நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாது என்கிறார்கள். புது எஞ்சின் வாங்கித் தர முடியுமா சார்?

பதில்: புது எஞ்சின் வேண்டும் என்று மட்டும் கேட்டு வழக்குப் போடாதீர்கள். வாரன்டி பழுதுபார்க்க அல்லது பாகத்தை மாற்றித்தர மட்டுமே உறுதி சொல்லும்போது, ஒரு பாகத்தின் கோளாறுக்காக முழு வண்டியையும் மாற்றித்தரத் தேவையில்லை என்று 2006-ல் மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது இந்தத் தீர்ப்பாகத்தான் இருக்கும்.

உங்கள் வழக்கில் கோளாறு எஞ்சினுக்குள்தான் இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் வெறும் படகில் நன்றாக ஓடி, பாரம் ஏறியதும் திணறினால், புரொப்பல்லர் (தண்ணீரைத் தள்ளும் விசிறி) பொருந்தவில்லையோ என்றுதான் முதலில் பார்ப்பார்கள். பிட்ச், அதாவது ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம், அதிகமான புரொப்பல்லர் போட்டால் முழு த்ராட்டிலிலும் (விசையை முழுக்கத் திறந்தாலும்) எஞ்சின் தன் ஆர்.பி.எம்.மை, அதாவது நிமிடத்துக்கான சுழற்சியை, எட்டாது. பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் 150 முதல் 200 ஆர்.பி.எம். ஏறும். படகின் பின்பலகை உயரம் தப்பாகி எஞ்சின் ஆழமாக உட்கார்ந்திருந்தாலும், த்ராட்டில் கேபிள் முழுக்கத் திறக்காவிட்டாலும், பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தாலும் இழுவை குறையும். டிரம்மில் ஓட்டினால் இதில் பாதிகூடத் தெரியாது, அங்கே எஞ்சினுக்குச் சுமையே இல்லையே!

ஆகவே டீலருக்கு எழுத்தில் கேளுங்கள்: வழக்கமான பாரத்தோடு கடலில் ஓட்டி, முழு த்ராட்டிலில் வரும் ஆர்.பி.எம்.மை ஜாப் கார்டில் எழுதித் தர வேண்டும். எஞ்சின் கையேட்டில் முழு த்ராட்டிலுக்கான ஆர்.பி.எம். வரம்பு அச்சாகியிருக்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். பிட்ச் குறைந்த புரொப்பல்லர் ஒன்றைப் போட்டும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இப்போதிருக்கும் புரொப்பல்லரில் பொறித்த எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இது முடியும்வரை வெளி மெக்கானிக் யாரும் எஞ்சின் ஹெட்டில் கைவைக்கக் கூடாது. கைவைத்தால் “வெளியாள் பிரித்துக் கெடுத்துவிட்டார்” என்பார்கள்.

புரொப்பல்லர்தான் காரணம் என்று தெரிந்தால் டீலர் தப்பித்துவிடுவாரா? மாட்டார். என்ன வேலைக்கு என்று விற்பவரிடம் சொல்லி, அவருடைய அனுபவத்தை நம்பி வாங்கினால், அந்த வேலைக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்பது 1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவு. பிராண்டு பெயரைச் சொல்லி நீங்களே கேட்டு வாங்கிய எஞ்சினுக்கு இந்த வாதம் கொஞ்சம் பலவீனம். புரொப்பல்லரைத் தேர்ந்து மாட்டியது டீலர் என்றால் அங்கே வாதம் பலமாக நிற்கும். படகின் நீளம், ஆள் கணக்கு, பாரம் பற்றி அவரிடம் பேசிய வாட்ஸ்அப் செய்தி, கொட்டேஷன் எதையும் அழித்துவிடாதீர்கள்.

“தொழிலுக்கு ஓட்டுகிறாய்” என்பதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. தொழில் பயன்பாட்டுக்கு வாரன்டி காலத்தைச் சில கம்பெனிகள் குறைக்கும், அதற்கு வாரன்டி அட்டையைப் படியுங்கள். நீங்கள் நுகர்வோரா என்பது தனிக் கேள்வி. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவர் நுகர்வோரே என்கிறது 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு. 1995-ல் லக்ஷ்மி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் வழக்கில், தானே ஓட்ட ஆட்டோ வாங்குபவர் நுகர்வோர் என்றும், உதவிக்கு ஓரிருவர் இருப்பதால் அந்த உரிமை போகாது என்றும் உச்ச நீதிமன்றம் விளக்கியது. நீங்களே கடலுக்குப் போகிறீர்கள், கூடப் பங்குக்கு இரண்டு பேர் வருகிறார்கள் என்றால் பயமில்லை. மூன்று நான்கு படகு வைத்து ஆள் விட்டு ஓட்டுகிறவர் என்றால் கதை வேறு.

இன்னொன்று. பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியதுண்டா? முதல் சர்வீஸைத் தவறவிட்டீர்களா? பல நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு அது 20 மணி நேர ஓட்டத்தில் வரும். உண்டென்றால் உங்கள் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு எப்படியும் கிளப்பும்.

டீலர், எஞ்சின் கம்பெனி, யார்டு மூவருக்கும் 15 நாள் கெடு வைத்து, பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். மூவரையும் சேர்க்காவிட்டால் வராதவர் தலையில் பழி விழும். பதில் இல்லையென்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். டீலர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடம் போதும். 8 லட்சத்துக்குக் கட்டணம் 200 ரூபாய். கோரிக்கையை இப்படி அடுக்குங்கள்: சரியான புரொப்பல்லர், அல்லது இலவசப் பழுதுபார்ப்பு, இரண்டிலும் சரியாகாவிட்டால் எஞ்சினை மாற்றித் தருவது அல்லது பணத்தைத் திருப்பித் தருவது, இவற்றோடு வருமான இழப்புக்கு நஷ்டஈடு. இழப்பைக் காட்ட மீன் ஏலச் சீட்டுகள் உதவும். சோதனை இல்லாமல் குறையைக் கண்டுபிடிக்க முடியாதபோது ஆய்வுக்கு அனுப்ப அதே நுகர்வோர் சட்டத்தின் 38-வது பிரிவில் வழி உண்டு. எஞ்சினைக் கழற்றி அனுப்புவது சிரமம் என்பதால், நிபுணர் ஒருவர் நேரில் வந்து கடலில் ஓட்டிப் பார்க்க மனுப் போடுங்கள்.

புகார் தர இரண்டு வருடக் கெடு. “அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறேன்” என்று டீலர் சொல்லிக்கொண்டே இருப்பதால் அந்தக் கெடு நீளாது. எனவே இந்த மாதமே நோட்டீஸை அனுப்பிவிடுங்கள்.