கரண்ட் வைத்தும் திரும்பி வந்த முடிச்சுகளுக்கு ஒளிச் சிகிச்சை உதவுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. மூன்று வருடங்களுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்காக இடது மார்பகத்தை அகற்றி, கீமோ கொடுத்து, கரண்டும் (கதிர்வீச்சு) வைத்தார்கள். இப்போது தழும்பின் ஓரத்தில் மிளகு அளவில் நான்கைந்து முடிச்சுகள் கிளம்பியிருக்கின்றன. கதிர்வீச்சோடு லேசர் ஒளியும் சேர்த்தால் அடங்காத புற்றும் அடங்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அம்மாவுக்குச் செய்யலாமா?

பதில்: வீடியோவில் சொன்னது முழுப் பொய் இல்லை. ஆனால் கதிரையும் ஒளியையும் சேர்த்து எலிகளில் பார்த்ததை அம்மாவுக்கு நாளைக்கே கிடைக்கும் மருந்து போலச் சொல்லிவிடுகிறார்கள்.

ஒளிச் சிகிச்சை என்பது இதுதான்: ஒளி பட்டால் மட்டுமே வேலை செய்யும் ஒரு மருந்தை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். இரண்டு நாள் கழித்து, கட்டியின் மேல் சிவப்பு லேசரைப் பாய்ச்சுவார்கள். அப்போது மருந்து பக்கத்திலுள்ள ஆக்சிஜனை நச்சாக மாற்றிச் செல்லைக் கொல்லும். இது நேற்று வந்ததும் இல்லை. 1978-லேயே அமெரிக்காவின் பஃபலோ நகரில், ராஸ்வெல் பார்க் மையத்தில் தாமஸ் டௌகர்ட்டி குழுவினர் 25 பேருக்குத் தோலிலும் அதன் அடியிலும் இருந்த 113 கட்டிகளில் செய்து பார்த்தார்கள். 111 கட்டிகள் சுருங்கின அல்லது மறைந்தன. மார்பகப் புற்று தோலுக்குப் பரவியவர்களும் அதில் உண்டு.

பிறகு ஏன் எல்லோருக்கும் செய்வதில்லை? சிவப்பு ஒளி சதைக்குள் அரை சென்டிமீட்டர், மிஞ்சினால் ஒன்று, அவ்வளவுதான் இறங்கும். வெளியே மிளகாகத் தெரிவது உள்ளே தசை வரை வேரோடியிருக்கலாம். போதாததற்கு, போர்ஃபிமர் போன்ற பழைய மருந்து போட்டால் குறைந்தது 30 நாள் வெயில் படக்கூடாது. பட்டால் தோல் வெந்துபோகும். நம் ஊர் வெயிலில் அது லேசான விஷயமா?

கதிர்வீச்சோடு சேர்ப்பதில் நியாயம் இருக்கிறது. கதிர் முக்கியமாக டி.என்.ஏ.வை அறுக்கிறது. ஒளி செல்லின் சவ்வையும் கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயையும் தாக்குகிறது. டி.என்.ஏ.வை ஒட்டுப்போட்டுப் பிழைத்த செல் இதில் மாட்டலாம். சிக்கல் என்னவென்றால், இரண்டுக்குமே ஆக்சிஜன் வேண்டும். கதிருக்கு அடங்காத கட்டிகள் பலவற்றில் ஆக்சிஜன்தான் பஞ்சம்; ஒளிச் சிகிச்சை இருப்பதையும் தின்றுவிடும். எதை முதலில் கொடுப்பது, எத்தனை இடைவெளி விடுவது என்பதே பெரிய கேள்வி. எக்ஸ்ரே பட்டால் கட்டிக்குள்ளேயே ஒளிரும் நுண்துகள்களை வைத்து ஆழப் பிரச்சினையைத் தாண்டப் பார்க்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் ஆய்வகத்தில்தான்.

இப்போது அம்மாவுக்கு வேண்டியது பயாப்சி, அதாவது முடிச்சிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது. முடிச்சு புற்றுதானா என்று உறுதிசெய்து, ஈ.ஆர்., பி.ஆர். (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 (ஒரு புரதம்) மூன்றையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட்டை நம்பாதீர்கள், திரும்பி வரும்போது அவை மாறுவதுண்டு. வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று ஸ்கேன். நெஞ்சோடு நின்றிருந்தால் வெட்டி எடுக்க முடியுமா என்று பார்ப்பார்கள். முடியாதபோது, கட்டியை 41 முதல் 43 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றிக் குறைந்த அளவில் மறுபடி கதிர் கொடுக்கும் முறை இருக்கிறது. நெதர்லாந்தில் இதே பிரச்சினைக்கு வழக்கமாகச் செய்கிறார்கள். சேர்க்கைச் சிகிச்சை என்றால், மனிதர்களில் சோதித்துத் தேறியது இதுதான். உங்கள் கதிர்வீச்சு மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்.

இன்னொன்று. கதிர் பட்ட தோல் புண்ணை ஆற்றக் குறைந்த சக்தி ஒளி கொடுப்பது வேறு சமாசாரம். அது புற்றைக் கொல்லாது. ஆன்லைனில் விற்கும் சிவப்பு விளக்கை வாங்கி முடிச்சின் மேல் பிடித்துவிடாதீர்கள்.