பதில்: வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு காலாவதியானால், வேலையில்லாப் பட்டதாரிகளுக்குத் தமிழ்நாடு அரசு தரும் மாதம் 600 ரூபாய் உதவித்தொகை கிடைக்குமா?

அவசரப்பட்டுப் புதிதாகப் பதிந்துவிடாதீர்கள், சகோதரி. பி.காம். தகுதியை 2019இல் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்ததாகவும், புதுப்பிக்கத் தவறியதால் கணினி மையத்தில் புதுப்பதிவு போடச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். புதுப்பதிவு போட்டால் அன்றிலிருந்துதான் பதிவுமூப்பு, அதாவது எத்தனை ஆண்டாகப் பதிவில் இருக்கிறீர்கள் என்ற கணக்கு, தொடங்கும். உதவித்தொகைக்குத் தேவையான 5 ஆண்டும் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

முதலில் வேலைவாய்ப்புப் பதிவு அடையாள அட்டையில் புதுப்பிக்க வேண்டிய மாதத்தைப் பாருங்கள். 3 ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்த மாதத்துக்குப் பின் 2 மாதம் சலுகை உண்டு. அதற்குள் என்றால் இணையத்திலேயே புதுப்பிக்கலாம். தாண்டியிருந்தால் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு நேரில் போய், சிறப்புப் புதுப்பித்தல் சலுகை நடப்பில் உள்ளதா என்று கேளுங்கள். அரசு அவ்வப்போது அப்படி ஆணை போடும், பழைய மூப்பு அப்படியே நிற்கும்.

பதிவு உயிரோடு இருந்தால் மற்றவை எளிது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள், வயது 40க்குள் (பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 45). விண்ணப்பத்தில் வருவாய்த் துறையின் வருமானச் சான்றொப்பம் வாங்க வேண்டும். பலர் தாமதிப்பது இங்கேதான். கல்லூரியில் நேரடியாகப் படித்துக்கொண்டிருந்தால் கிடையாது, தொலைநிலைக் கல்வி என்றால் தடையில்லை.

கிடைக்கத் தொடங்கியபின் ஆண்டுதோறும் சுய உறுதிமொழி கொடுங்கள். விட்டால் பணம் நின்றுவிடும். மொத்தம் 3 ஆண்டு வரும். இதை வாங்குவதால் உங்கள் பதிவு ரத்தாகாது.