இரண்டு கூறு கறி

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நாங்கள் ஆறு பேர். சுங்கை சிப்புட் பக்கம் ஒரே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். இப்போது ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று ஆளுக்கொரு பக்கம் இருக்கிறோம். தீபாவளிக்கு மறுவாரம் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். இந்த முறை என் வீடு. சாப்பாடு முடிந்ததும், நீங்கள் ஒரு கட்டுரையில் 'பார்க்கலாம்' என்று எழுதியிருந்த 'ட்வெல்த் மேன்' மலையாளப் படத்தைப் போட்டோம். இரண்டு பேர் வியந்து அசந்துபோனார்கள். மூன்று பேர் 'ஒரே இழுவை, மோகன்லால் பேசிக்கொண்டே இருக்கிறார்' என்றார்கள். ஒருத்தி பாதியில் எழுந்து வாசல் பக்கம் அஞ்சடிக்குப் போனவள், படம் முடியும்வரை உள்ளே வரவில்லை. நடுவில் யாரோ விளையாட்டாக, "நம்ம போனையும் மேசையில வைப்போமா?" என்றார்கள். எல்லாரும் சிரித்தோம். யாரும் வைக்கவில்லை. சோபாவில் கிடந்த என் போனை நான் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மறைக்க என்னிடம் ஒன்றுமே இல்லை, ஆனாலும்.

புலனக் குழுவில் சண்டை இன்னும் ஓயவில்லை. ஒரே படத்துக்கு ஏன் இத்தனை கருத்து? படம் நல்லதா, இல்லையா? என் பெயரைப் போட வேண்டாம். கூட்டாளிகள் படிப்பார்கள்.

ஒரு வாசகி

*

அன்புத் தங்கைக்கு,

பெயரைப் போடவில்லை. ஆனால் தீபாவளிக்கு மறுவாரம், ஆறு பேர், அஞ்சடி என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்கள். உங்கள் கூட்டாளிகளுக்குக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. ஜீத்து ஜோசப் இயக்கிய இந்தப் படம் 2022 மே மாதம் திரையரங்குக்குப் போகாமல் நேராக டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரில் வந்தது. கல்யாணத்துக்கு முந்தைய கொண்டாட்டத்துக்காக இடுக்கி மலையில் ஒரு விடுதிக்குப் பதினோரு கூட்டாளிகள் போகிறார்கள். மேசையில் கைப்பேசிகளை வைத்து ஒரு விளையாட்டு. யாருக்கு அழைப்பு வந்தாலும் எல்லார் காதிலும் விழப் பேச வேண்டும். பேசுகிறார்கள். இரவுக்குள் ஒரு சாவு. குடிகாரர்போல இடையில் வந்து தொல்லை கொடுத்த பன்னிரண்டாவது ஆள் விசாரிக்க ஆரம்பிக்கிறார்.

'இழுவை' என்ற மூன்று பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. மோகன்லாலும் ஜீத்து ஜோசப்பும் சேர்ந்தால் எல்லாருக்கும் 2013-இல் வந்த 'த்ரிஷ்யம்' ஞாபகம் வந்துவிடும். தமிழில் கமல் நடிக்க ஜீத்து ஜோசப்பே 'பாபநாசம்' என்று எடுத்ததும் நம் ஊரில் எல்லாரும் பார்த்ததுதான். அதில் கொலை எப்படி நடந்தது என்று நமக்கு முதலிலேயே தெரியும். போலீசுக்குத்தான் தெரியாது. உடல் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் இயக்குநர் நமக்கும் சொல்லாமல் வைத்திருந்தார். அதனால் நாம் அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து பயந்தோம். குற்றத்துக்கு நாமும் கூட்டு. 'ட்வெல்த் மேன்' படத்தில் நம்மை விசாரிக்கிறவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். யார் மாட்டினாலும் நமக்கு ஒன்றும் போவதில்லை. போதாததற்குப் பதினோரு பேர். யாருக்கு யார் புருஷன் என்று விரல்விட்டு எண்ணி முடிப்பதற்குள் அரை மணி நேரம் ஓடிவிடும்.

இன்னொன்று, இது இரண்டு படம்: முதலில் மேசை, பிறகு விசாரணை. அந்த மேசை விளையாட்டு உலகம் முழுக்கத் தெரிந்த ஒன்று. 2016-இல் பாவ்லோ ஜெனோவேசே எடுத்த 'பெர்ஃபெத்தி ஸ்கோனோஷூத்தி' என்ற இத்தாலியப் படத்தில் ஏழு கூட்டாளிகள் ஒரு சந்திர கிரகண இரவில் சாப்பிட உட்கார்ந்து இதைத்தான் விளையாடுவார்கள். கொலை கிடையாது, போலீஸ் கிடையாது. ஒரு வீடு, ஒரு மேசை, அவ்வளவுதான். 2019-இலேயே 18 முறை மறு ஆக்கம் செய்யப்பட்டு கின்னஸில் ஏறியது. மேசை மட்டுமே போதும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஜீத்து ஜோசப் படத்திலும் போன் மணி அடிக்கும்போது ஒவ்வொரு முகமும் போகிற போக்கு எனக்குப் பிடித்தது. அப்புறம் விசாரணை வந்ததும் அந்த அவமானங்கள் எல்லாம் துப்புகளாகிவிடுகின்றன. ஒருத்தி அழுதது ஏன் என்ற கேள்வி போய், அப்போது மணி என்ன என்ற கேள்வி வந்துவிடுகிறது. உங்கள் வீட்டில் அசந்தவர்கள் இரண்டாவது படத்துக்கு அசந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். முடிச்சை அவிழ்ப்பதில் அவர் கெட்டிக்காரர், அதைக் குறை சொல்ல முடியாது. நான் முதல் படத்துக்காகத்தான் 'பார்க்கலாம்' என்று எழுதினேன்.

சரி, உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது வேறு.

நான் வளர்ந்தது லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பலகைத் தடுப்பு. அது கூரைவரை போகாது. பக்கத்து வீட்டில் தீக்குச்சி உரசினால் எங்கள் வீட்டில் வெளிச்சம் தெரியும். விடியற்காலை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும்போது யார் வீட்டில் ராத்திரி என்ன சண்டை என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். ஒருவரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். பால் வாளியான தோம்பைத் தூக்கிக்கொண்டு அவரவர் மர நிரைக்குப் போய்விடுவார்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை முனியாண்டி பூசை. ஆடு வெட்டி, கோயிலுக்குப் பின்னால் கித்தா (ரப்பர்) மரத்தடியில் வாழையிலை விரித்துக் கறியைக் கூறு போடுவார்கள். வரி கொடுத்த வீட்டுக்கு ஒரு கூறு. ஒவ்வொரு கூறிலும் ஈரல் ஒரு துண்டாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே அடிதடி. தோட்டத்து மேற்பார்வையாளரான தண்டல், பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். எங்கள் லயத்துக் கடைசி வீட்டு மாமாவின் பெயர் வந்ததும், கேட்காமலே இரண்டு கூறு கட்டித் தருவார். ஒரு பொட்டலம் லயத்துக்கு வரும். இன்னொன்று அவருடைய சைக்கிள் கைப்பிடியில் ஆடிக்கொண்டே தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போகும். அத்தை வாசலில் நின்று சைக்கிள் மறையும்வரை பார்த்துவிட்டு மசாலா அரைக்க உட்காருவார். "மாமாவுக்கு மட்டும் ஏன் ரெண்டு?" என்று நான் ஒருமுறை சத்தமாகக் கேட்டுவிட்டேன். அம்மா தொடையில் கிள்ளிய கிள்ளு இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

வாயை மூடிக்கொள்வது எங்கள் ஊருக்குப் பழக்கமான வேலைதான். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள். அதையடுத்து வந்த அவசரகாலம் 1960வரை நீடித்தது. காட்டிலிருந்த கெரில்லாக்களுக்கு அரிசி போனதைப் பார்த்தவனும் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். என் தாத்தா சாகும்வரை அந்த ஆண்டுகளைப் பற்றிப் பேசியதே இல்லை.

இந்தப் படத்தை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். எண்பது தாண்டியவர். மலையாளம் பாதி புரியும், மீதியை நான் சொன்னேன். ரகசியங்கள் ஒவ்வொன்றாக வெடித்து எல்லாரும் அதிர்ச்சியடைகிற இடத்தில் அவர் கேட்டார்: "பதினோரு கூட்டாளிங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாதா? அப்புறம் என்னா கூட்டாளிங்க?"

நான் படித்த எந்த விமர்சனத்திலும் இந்தக் கேள்வி இல்லை. அவருக்குப் படம் நம்பும்படி இல்லாமல் போனது அந்த இடத்தில்தான். ரகசியம் என்றால் யாருக்கும் தெரியாதது என்று படம் நினைக்கிறது. லயத்தில் ரகசியம் என்றால் எல்லாருக்கும் தெரிந்து, எவரும் வாய்விட்டுச் சொல்லாதது. தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீட்டில் செங்கல் சுவருக்குள் பூட்டுப் போட்ட போனோடு வளர்ந்தவர்களுக்குப் படம் சொல்வது அப்படியே பொருந்தும், பயமாகவும் இருக்கும். உங்கள் ஆறு பேரில் யார் எவ்வளவு காலம் லயத்தில் இருந்தார்கள், யார் சீக்கிரமே தாமானுக்குப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அந்த இரண்டு, மூன்று, ஒன்று என்ற கணக்கை ஒருமுறை அப்படியும் போட்டுப் பாருங்கள். சரியாக வராமலும் போகலாம்.

அஞ்சடிக்குப் போனவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த வரிக்காகத்தான் கடிதமே எழுதினீர்கள் என்று எனக்குப் படுகிறது. குழுவில் அவரிடம் ஏன் எழுந்து போனாய் என்று யாராவது கேட்டிருந்தால் அந்தப் பேச்சை மாற்றிவிடுங்கள். உங்களுக்குக் காரணம் ஏற்கெனவே தெரிந்திருக்கலாம்.

அம்மா கொலைகாரர் யார் என்று தெரிவதற்கு முன்பே தூங்கிவிட்டார். மறுநாள் காலை தேநீர் ஆற்றிக்கொண்டே, "அந்தப் பிள்ளைங்க அப்புறம் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிட்டாங்களா?" என்றார். நான் கொலை செய்தது யார் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"அதை யாரு கேட்டா?" என்றார்.