ஒளிரும் பாக்டீரியாவைக் கொண்டு மண்ணில் உள்ள காட்மியத்தைக் கண்டறியலாமா?

கேள்வி: எங்கள் நிலத்துக்குப் பாயும் வாய்க்காலில் சில ஆண்டுகள் உலோக முலாம் பூசும் பட்டறையின் கழிவுநீர் கலந்து வந்தது. இப்போது நின்றுவிட்டது. மண்ணில் காட்மியம் என்ற நச்சு உலோகம் தங்கியிருக்குமோ என்று கீரை விதைக்கத் தயங்குகிறேன். உலோகம் இருந்தால் ஒளிரும் பாக்டீரியாவை உருவாக்கியிருப்பதாகப் படித்தேன். அதை வயலில் தெளித்துப் பார்க்கலாமா?

பதில்: உங்கள் தயக்கம் மிகச் சரியானது. காட்மியம் மக்கி அழியும் பொருள் அல்ல; கழிவுநீர் நின்ற பிறகும் மேல்மண்ணில் பல்லாண்டுகள் தங்கிவிடும், கீரைகளோ அதை இலையில் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையவை. ஆனால் அந்த பாக்டீரியாவை வயலில் தெளிக்கக் கூடாது. மரபணு மாற்றப்பட்ட உயிரியைத் திறந்தவெளியில் விடுவதற்குப் பெரும்பாலான நாடுகளில் முன் அனுமதி வேண்டும் என்பதோடு, அது தரும் மங்கலான ஒளி மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியவும் செய்யாது. இந்தச் சோதனைக்கு உரிய இடம் ஆய்வகமே.

இயற்கையிலேயே சில பாக்டீரியாக்கள், உள்ளே நுழையும் காட்மியத்தை வெளியேற்றும் மரபணுக்களைக் கொண்டுள்ளன. உலோகம் இல்லாதபோது ஒரு புரதம் அந்த மரபணுவின் மேல் அமர்ந்து அதை மூடி வைத்திருக்கும். உலோகம் வந்து ஒட்டியதும் புரதம் விலகிவிட, மரபணு வேலை செய்யத் தொடங்கும். அறிவியலாளர்கள் அந்தப் புரதத்தின் கட்டுப்பாட்டின் கீழ், ஒளிரும் பாக்டீரியாவிலிருந்து எடுத்த ஒளி மரபணுக்களை இணைத்துவிடுகிறார்கள். மண்ணை நீரில் கலக்கி, தெளிந்த கரைசலை இந்த பாக்டீரியாவுடன் சேர்த்து ஓரிரு மணி நேரம் வைத்தபின், ஒளியைக் கருவியால் அளப்பார்கள்.

இந்த முறையை நான் மதிப்பதற்குக் காரணம் ஒன்று உண்டு. வழக்கமான வேதியியல் ஆய்வில் மண்ணை அமிலத்தில் கரைத்து மொத்தக் காட்மியத்தையும் அளக்கிறார்கள். அதில் பெரும்பகுதி களிமண்ணோடும் மக்கோடும் இறுகப் பிடித்துக்கொண்டு, செடிக்கு எட்டாமலே இருக்கலாம். பாக்டீரியாவோ தன் உடலுக்குள் நுழையக்கூடிய பங்கை மட்டுமே உணர்கிறது. மொத்த அளவு ஒன்றாகவே உள்ள இரண்டு வயல்களில், அமிலத்தன்மை மிகுந்த வயலின் கீரையில்தான் காட்மியம் கூடுதலாக ஏறும். அந்த வேறுபாட்டை மொத்த அளவு சொல்லாது.

ஆயினும் உங்கள் நிலத்தைப் பொறுத்தவரை ஒரு சிக்கல் இருக்கிறது. காட்மியத்தை உணரும் புரதங்கள் பலவும் ஈயத்துக்கும் துத்தநாகத்துக்கும் கூட இணங்குபவை. முலாம் பட்டறைக் கழிவில் துத்தநாகம் பெரும்பாலும் இருக்கும். எனவே ஒளி தெரிந்தால் அது காட்மியம்தான் என்று முடிவு கட்ட முடியாது. ஒளி தெரியாவிட்டாலும் நிம்மதி கொள்ள வேண்டாம். நச்சு மிகுந்திருந்தால் பாக்டீரியாவே செத்து ஒளி அற்றுப்போகும். அதனால்தான், உலோகம் இல்லாமலே எப்போதும் ஒளிரும் இன்னொரு வகையையும் அதே கரைசலில் வைத்து ஒப்பிடுகிறார்கள்.

உங்களுக்குத் தீர்ப்பு சொல்ல வேண்டியது வேதியியல் ஆய்வே. மொத்தக் காட்மியம், செடிக்குக் கிடைக்கும் காட்மியம், துத்தநாகம், மண்ணின் அமில காரத்தன்மை ஆகிய நான்கையும் கேட்டு வாங்குங்கள். ஒளிரும் பாக்டீரியா சோதனை வசதி எட்டினால் அதே மாதிரிகளைக் கொடுங்கள். உர ஆய்வுக்குச் செய்வதுபோல வயல் முழுவதன் மண்ணையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். வாய்க்கால் நீர் முதலில் நுழையும் மடைவாயில்தான் வண்டலோடு உலோகமும் படிந்திருக்கும், கலந்தால் அது மறைந்துபோகும். மடைவாய், நடுவயல், கடைசிப் பாத்தி, அந்த நீர் பாயாத பக்கத்து நிலம் என்று தனித்தனியாக, 15 முதல் 20 செ.மீ. ஆழம் வரை எடுங்கள். துத்தநாகம் பூசிய வாளியைத் தவிர்த்து, பிளாஸ்டிக் வாளியையே பயன்படுத்துங்கள்.

முடிவு வரும்வரை கீரை விதைக்காதீர்கள். வாய்க்காலில் தூர்வாரிய வண்டலை வயலில் போடவும் வேண்டாம். மண் அமிலத்தன்மை உடையது என்று தெரிந்தால், ஆய்வகம் பரிந்துரைக்கும் அளவில் சுண்ணாம்பு இடுவதும் மக்கிய தொழுவுரம் சேர்ப்பதும் காட்மியத்தைச் செடிக்கு எட்டாதபடி பிடித்து வைக்க உதவும், ஆனால் அது மண்ணைவிட்டு நீங்கிவிடாது. பின்னர் மடைவாய்ப் பக்கம் ஒரு சிறு பாத்தியில் மட்டும் கீரை வளர்த்து, உண்ணவோ விற்கவோ கொடுக்காமல் இலையையே ஆய்வுக்கு அனுப்புங்கள்; கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தரப்படி கீரைகளில் காட்மியம் கிலோவுக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.