வீட்டை விக்கணும்னு முடிவு பண்ணியாச்சு, ஆனா மனசு வரல. என்ன பண்றது?

கேள்வி: 22 வருஷமா இதே வீட்டுலதான் இருக்கோம். பிள்ளைங்க வேலைன்னு வெளியூர் போயிட்டாங்க, எனக்கு முட்டி வலி, மாடிப்படி ஏற முடியல. அதனால வித்துட்டு சின்னதா ஒண்ணு பார்த்துக்கலாம்னு நானும் வீட்டுக்காரரும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். ஆனா பார்க்க வர்றவங்க ஒவ்வொரு குறையா சொல்லும்போது எனக்கு ஆத்திரமா வருது. போன வாரம் ஒருத்தர் நல்ல விலைதான் சொன்னார், நானே வேணாம்னு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்னு எனக்கே புரியல.

பதில்: முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நீங்க பண்ணதுல வெக்கப்பட எதுவும் இல்ல. வீடு வித்துக் குடுக்கிற வேலையில நான் ரொம்ப வருஷமா இருக்கேன், கடைசி நேரத்துல முறிஞ்சு போன பேரம் நிறைய பார்த்திருக்கேன், அதுல பலது பணத்தால முறிஞ்சதே இல்ல. விக்கிறவங்க அந்த வீட்டுகிட்ட இன்னும் விடை வாங்கிக்கல, அதுதான் விஷயம். உள்ள அடக்கி வச்ச வருத்தம் எல்லா நேரமும் அழுகையா வராது, விலையா வரும். "இந்த விலைக்கு குடுக்க மாட்டேன்"னு வாய் சொல்லும், "இன்னும் குடுக்க மனசு வரல"ன்னு அர்த்தம்.

இது உங்களுக்கு மட்டும் நடக்கிறது இல்ல. 1990ல டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர்னு மூணு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டாங்க, மாணவர்கள்ல சில பேருக்கு ஆளுக்கொரு காபி மக் குடுத்துட்டு இதை என்ன விலைக்கு விப்பீங்கன்னு கேட்டாங்க, மக் கிடைக்காதவங்ககிட்ட என்ன விலைக்கு வாங்குவீங்கன்னு கேட்டாங்க. கையில மக் இருந்தவங்க சுமார் 7 டாலர் கேட்டாங்க, இல்லாதவங்க சுமார் 3 டாலர்தான் தர்றேன்னாங்க. அப்பதான் கைக்கு வந்த ஒரு மக்குக்கே ரெண்டு மடங்குக்கு மேல வித்தியாசம் வருதுன்னா, 22 வருஷம் வாழ்ந்த வீட்டுக்கு உங்க மனசு போடுற விலையும் வர்றவர் போடுற விலையும் ஒண்ணா இருக்கும்னு எப்படி எதிர்பார்க்க முடியும்?

அதனால விலையை மனசுகிட்ட கேக்காதீங்க. உங்க ஏரியாவுல கடைசி ஆறு மாசத்துல நிஜமா வித்த வீடுங்க என்ன விலைக்குப் போச்சுன்னு விசாரிங்க, விளம்பரத்துல போட்டிருக்கிற விலை இல்ல, அது அவங்கவங்க ஆசை. லோன் பாக்கி இருந்தா அது, புரோக்கர் கமிஷன், வரி, சாமான் மாத்துற செலவு எல்லாம் கழிச்சு கையில என்ன நிக்கும்னு கணக்கு போடுங்க. அப்புறம் நீங்களும் வீட்டுக்காரரும் உட்கார்ந்து, இதுக்கு கீழ இறங்க மாட்டோம், இது கிடைச்சா சரின்னு சொல்லுவோம்னு ஒரு நம்பரை பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க. அடுத்த ஆள் வர்றதுக்கு முன்னாடி எழுதிடணும், அவர் எதிர்ல உட்கார்ந்திருக்கும்போது முடிவெடுத்தா திரும்பவும் போன வாரக் கதைதான்.

இதுல இன்னொண்ணும் இருக்கு. டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டஃபர் மேயர்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பாஸ்டன் நகரத்து அபார்ட்மென்ட் விற்பனையை ஆராய்ஞ்சு 2001ல எழுதினாங்க, வாங்கின விலையை விட கம்மியா போகுமேன்னு பயந்தவங்க விலையை ஏத்தி கேட்டாங்க, அதுல கொஞ்சம் கூடுதலா கிடைக்கவும் செஞ்சது, ஆனா வீடு ரொம்ப நாள் விக்காம கிடந்துச்சு. ரொம்ப நாள் கிடந்தா வர்றவங்களுக்கு இதுல ஏதோ வில்லங்கம் இருக்கும்போலன்னு ஒரு சந்தேகம் வந்துடும், முட்டி வலியோட அவ்வளவு நாள் காத்திருக்க உங்களால முடியுமான்னும் யோசிங்க.

சரி, விடை வாங்கிக்கிறது எப்படி? எங்க அம்மா வீட்டை வித்தப்போ பார்த்ததை சொல்றேன். பின்பக்க கதவு ஒண்ணு, தாழ்ப்பாளை லேசா மேல தூக்கிட்டு தோளால ஒரு தள்ளு தள்ளினாதான் திறக்கும். சாவி குடுக்கிற அன்னிக்கு அம்மா அந்த வீட்டை வாங்கினவரை பின்னாடி கூட்டிட்டுப் போய் அதை காட்டிக் குடுத்தாங்க, அவர் ரெண்டு தடவை பண்ணியும் வரல, மூணாவது தடவை கதவு திறந்துச்சு. அம்மா சரின்னு தலையாட்டினாங்க பாருங்க, ஒரு மாசமா சரியா தூங்காம இருந்தவங்க அன்னிக்கு ராத்திரி நல்லா தூங்கினாங்க. அதுக்கப்புறம் என்கிட்ட வர்ற எல்லார்கிட்டயும் ஒரு நோட்டு போடச் சொல்றேன். எந்த வால்வு எந்த பைப்புக்கு, எந்த ஸ்விட்ச் எதுக்கு, எந்த ஜன்னல்ல மழை அடிக்கும், எந்த ரூம்ல காலையில வெயில் வரும். வாங்குறவருக்கு பிரயோஜனமா இருக்கும், எழுதும்போது ஒவ்வொரு இடமா நின்னு பார்த்து நீங்களும் விடை வாங்கிக்குவீங்க. அழுகை வந்தா அழுதுடுங்க, வீடியோ எடுத்து வச்சுக்கோங்க, பிள்ளைங்களை ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொல்லுங்க.

சாமான் ஒதுக்குறதை போட்டோ ஆல்பத்துல ஆரம்பிச்சிடாதீங்க, அன்னிக்கு பூரா அதுலயே போயிடும். பரண், பழைய பில், உடைஞ்ச நாற்காலின்னு மனசு ஒட்டாததுல ஆரம்பிங்க, ஒரு நாளைக்கு ஒரு அலமாரி போதும், ஆல்பம் கடைசி. சொட்டுற குழாய், எரியாத பல்பு, கிறீச்சிடற கதவு இதெல்லாம் சரி பண்ணிடுங்க, செலவு கம்மி, ஆனா வர்றவங்க கண்ணுல முதல்ல படுறது அதுதான். சுவர்ல ஈரம் இருந்தா மட்டும் தயவுசெஞ்சு மேல பெயிண்ட் அடிச்சு மறைக்காதீங்க, எங்க கசியுதுன்னு பார்த்து சரி பண்ணுங்க, முடியலன்னா வெளிப்படையா சொல்லிடுங்க, மறைச்சு வித்தா நாளைக்கு கேஸ் வரைக்கும் போகலாம். நம்ம வீட்டு வாசனை நம்ம மூக்குக்குத் தெரியாது, பழகிப்போயிருக்கும், அதனால வெளியாள் ஒருத்தரை கூப்பிட்டு கேட்டுடுங்க. பத்திரம், வரி ரசீது, பிளான் எல்லாம் ஒரே ஃபைல்ல வச்சுக்கோங்க, லோன் இருந்தா பத்திரம் பேங்க்லதான் இருக்கும், திரும்ப வர எத்தனை நாள் ஆகும்னு இப்பவே கேட்டு வைங்க.

ஆள் பார்க்க வரும்போது நீங்க வீட்டுல இருக்க வேணாம், வாக்கிங் போயிடுங்க, வீட்டுக்காரரோ புரோக்கரோ காட்டட்டும். "இந்த சுவரை இடிச்சிடலாம்"னு அவங்க சொல்றது உங்களை காயப்படுத்தணும்னு இல்ல, அவங்க மனசுல அங்க குடித்தனம் பண்ண ஆரம்பிச்சுட்டாங்கன்னு அர்த்தம். வாங்கப் போறவங்கதான் சுவரைப் பத்தியெல்லாம் பேசுவாங்க, பிடிக்காதவங்க சும்மா தலையாட்டிட்டு போயிடுவாங்க.

போன வாரம் வந்தவர் நம்பர் இன்னும் போன்ல இருக்கும்ல? இந்த வாரம் கணக்கைப் போட்டு நம்பரை எழுதுங்க, நோட்டையும் ஆரம்பிங்க. அவர் சொன்ன விலை பேப்பர்ல இருக்கிற நம்பரை தொட்டுச்சுன்னா, "அன்னிக்கு சட்டுனு சொல்லிட்டோம், இன்னும் எண்ணம் இருக்கா"ன்னு வீட்டுக்காரரை விட்டு ஒரு போன் போடச் சொல்லுங்க. இதை யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, அப்படி திரும்பக் கூப்பிட்டு முடிஞ்ச பேரங்களும் நான் பார்த்திருக்கேன்.