பாதியில் அறுந்துபோகும் பதிவிறக்கம்

வணக்கம். தொலைபேசிக் கம்பி வழியான டயல்-அப் இணையத்தில் நொடிக்கு 49,333 பிட் வேகத்தில் இணைப்பு கிடைத்தும், உங்கள் 12 எம்.பி. கோப்பு ஒவ்வொரு முறையும் 3 எம்.பி. அளவில் வேகம் குறைந்து அறுந்துவிடுவதாக எழுதியிருந்தீர்கள். இந்த வேகத்தில் ஏறத்தாழ 35 நிமிடங்களில் அது முழுமையாக இறங்கியிருக்க வேண்டும்.

திரையில் தெரியும் எண் இணைப்பு உண்டான கணத்தின் வேகம் மட்டுமே. அதன்பின் தொலைபேசிக் கம்பியில் இரைச்சல் புகுந்தால், மோடம் (கணினியைத் தொலைபேசிக் கம்பியுடன் இணைக்கும் கருவி) பழுதான தரவை மீண்டும் மீண்டும் கேட்டு வாங்குவதாலும், இடையிடையே மறுமுனை மோடத்துடன் வேகத்தைப் புதிதாகப் பேசி முடிவுசெய்வதாலும், பரிமாற்றம் பல நொடிகள் அப்படியே நின்றுவிடும்.

முதலில் மோடம் இணைப்பில் இல்லாதபோது தொலைபேசியை எடுத்து ஏதேனும் ஓர் எண்ணை அழுத்துங்கள். டயல் டோன் அடங்கிய அந்த அமைதியில் கரகரப்பு கேட்டால் கோளாறு கம்பியில்தான். அதே கம்பியில் உள்ள மற்ற கிளைத் தொலைபேசிகளைக் கழற்றிவிட்டு, மோடத்தைச் சுவரிலுள்ள இணைப்பில் குட்டையான கம்பியால் நேரடியாகப் பொருத்துங்கள். பேசிக்கொண்டிருக்கும்போது வேறு அழைப்பு வருவதை ஒலியால் உணர்த்தும் அழைப்புக் காத்திருப்பு வசதி இருந்தால் அதையும் நிறுத்திவையுங்கள். அதன் ஒற்றை 'பீப்' ஒலியே இணைப்பை அறுத்துவிடக்கூடும்.

பிறகும் அறுந்தால், மோடத்தின் உச்ச வேகத்தை 33,600 ஆகக் குறைத்துப் பாருங்கள். தடுமாறும் 49,333-ஐவிட நிலையான 33,600 விரைவாகவே முடிக்கும் என்பது என் அனுபவம். விட்ட இடத்திலிருந்து தொடரும் பதிவிறக்க மென்பொருளையும் பயன்படுத்துங்கள். இறங்கிய 3 எம்.பி. வீணாகாது.